தாணே கழியின் கண்டல் காடு: மும்பைத் தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கடலோரச் செடி கொடிகளின் சூழலியலில் ஆராய்ச்சி செய்பவள் நான். வீடு செம்பூரில், வேலை பெரும்பாலும் தாணே கழியின் சேற்றில். கழி என்பது கடல் நீர் நிலத்துக்குள் புகுந்து ஏறி இறங்கும் நீர்வழி. மாதம் ஒரு ஞாயிறு, நீர் வற்றும் நேரம் பார்த்துத் தமிழ்க் குடும்பங்களைக் கழியோரம் கூட்டிப்போவேன். தாராவி, சயான், சீத்தா கேம்ப், முலுண்ட், நெரூல் என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். பிள்ளைகளுக்கு நான் அக்கா, பெரியவர்களுக்கு ‘ஏம்மா’. அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

அலையாத்திக் காடு, சதுப்புநிலக் காடு, சுரபுன்னைக் காடு, கண்டல் காடு. இதில் எது சரியான பெயர்?

கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் காடு இது, ஆங்கிலத்தில் மாங்குரோவ். நாலு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘சதுப்புநிலக் காடு’ என்பதில் எனக்கு ஒரு சிக்கல்: சென்னையில் பள்ளிக்கரணையும் சதுப்புநிலம்தான், ஆனால் இந்தக் காடு அங்கே கிடையாது. அலையாத்தி அழகான சொல். சூடான பாலை ஆற்றுவதுபோல அலையை ஆற்றுவது. முத்துப்பேட்டைப் பக்கம் அதுதான் வழக்கு. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்கள். அது காட்டில் உள்ள ஒரு மரத்தின் பெயர், முழுக் காட்டுக்கும் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது கண்டல். நெய்தல் திணைப் பாடல்களிலேயே கழியைச் சுற்றி வேலிபோல் நிற்கும் மரமாகக் கண்டல் வருகிறது. மலையாளத்திலும் கண்டல் காடுதான். இங்கே மராத்தியில் ‘காந்தள்வன்’ என்று வனத்துறைப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். ஒருவர் அதைப் படித்துவிட்டுக் காந்தள் பூ எங்கே என்று தேடினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோலி மீனவர்கள் பேச்சில் ‘திவர்’ என்பார்கள். ஆக, மேற்குக் கரை முழுக்க ஏறக்குறைய ஒரே சொல்லோடு நடந்து போகலாம். கண்டேலியா என்ற தாவரப் பேரினத்தின் பெயரே கேரளக் கரையில் வழங்கிய ‘கண்டல்’ என்ற சொல்லிலிருந்து எடுத்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மலபார்ச் செடிகளைத் தொகுத்தபோது எழுதிவைத்த பெயர் அது.

சேற்றில் உட்கார்ந்து நீங்கள் அப்படி என்னதான் எண்ணுகிறீர்கள்?

பிவிசி குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறேன், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அதைச் சேற்றின்மேல் போட்டு, உள்ளே எத்தனை நாற்று, ஒவ்வொன்றிலும் எத்தனை இலை, எத்தனை மூச்சுவேர் என்று எண்ணுவேன். அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே சட்டம். பக்கத்தில் ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் நீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிக் கருவியில் விட்டு உப்பு பார்ப்பேன். சேற்றின் மட்டம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று ஊன்றிவைத்த கம்பியில் அளப்பேன்.

இவ்வளவும் ஒரே கேள்விக்காக: ஒரு விதை எந்தச் சேற்றில் நின்று மரமாகிறது, எந்தச் சேற்றில் அடித்துப்போகிறது? கேட்கச் சின்னக் கேள்வி. ஆனால் இந்தக் காட்டைப் பற்றிய மற்றக் கேள்விகளில் பாதிக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. மரத்தைப் பார்க்கத்தான் போனேன். வருடக்கணக்கில் நான் அளந்துகொண்டிருப்பது தண்ணீரை. எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வந்த வழியே திரும்பிப் போகிறதா. மற்றதை மரமே பார்த்துக்கொள்ளும்.

மும்பையில் என்னென்ன கண்டல் மரங்கள் இருக்கின்றன?

பத்தில் எட்டு தடவை நீங்கள் பார்ப்பது வெண்கண்டல், அவிசென்னியா மரைனா. இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல வெளுத்திருக்கும். நகரத்தின் சாக்கடையையும் உப்பையும் இதுபோல் தாங்குவது வேறு எதுவும் இல்லை. அதோடு ஊசிமுள் இலையுள்ள கழுதைமுள்ளி, கரையோரம் கும்பலாக நிற்கும். நரிக்கண்டல், சுரபுன்னை, சொன்னரேசியா வகைகள் அங்கங்கே. சொன்னரேசியா ஆல்பா என்ற வெள்ளைப்பூ வகையை 2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரம் தன் மாநிலக் கண்டல் மரமாக அறிவித்தது. கண்டலுக்கென்று ஒரு மாநில மரம் வைத்தது நாட்டில் அதுதான் முதல் தடவை.

தில்லையும் உண்டு, குறைவாக. ஆமாம், சிதம்பரத்தின் தில்லைதான். கோயிலின் தலமரம், ஊருக்கே பெயர் கொடுத்த மரம், அடிப்படையில் ஒரு கழிமுகச் செடி. கிளையை ஒடிக்காதீர்கள், வரும் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விட்டதுபோல் எரியும். செம்பூர் மாமி ஒருவர், “நடராஜர் மரம் இங்க சேத்துல நிக்கறதா!” என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சேற்றில் நின்றதால்தான் அது தில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

கடல் உப்பில் மற்றச் செடி கருகிப்போகும்போது இது மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

நடையில் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்: வெண்கண்டல் இலை ஒன்றைப் பறிக்காமல், மேற்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வையுங்கள். (நீர் ஏறாத மேல் கிளையில் மட்டும், கீழே இருப்பதில் சாக்கடை பட்டிருக்கும்.) உப்புக் கரிக்கும். வெயில் காலத்தில் காலை ஒன்பது மணிக்குமேல் பார்த்தால் இலையில் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெண்கண்டலின் வேர் அதில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சுமார் 90 சதவீதம் உள்ளேயே வராது. மீறி நுழைவதை இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. நீங்கள் நக்கிப் பார்த்தது அந்த உப்பைத்தான். சுரபுன்னைக்கு இந்தச் சுரப்பி கிடையாது. வேரில் இன்னும் கறாராக வடிகட்டுகிறது. அதனால் சுரபுன்னை இலையை நக்கி ஏமாந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்ததுண்டு.

இதற்கெல்லாம் செலவு உண்டு. உப்பை எதிர்த்துத் தண்ணீர் இழுக்கவும், புகுந்ததை வெளியேற்றவும் மரம் ஓயாமல் சக்தி செலவழிக்கிறது. கொஞ்சம் நன்னீர் கலந்த இடத்தில் வெண்கண்டல் நன்றாக ஓங்கும். நீர் தேங்கி ஆவியாகி உப்பு ஏறிய இடத்தில் இடுப்புயரத்தில் குந்திவிடும். உப்பளங்களை ஒட்டிய ஓரங்களில் இந்தக் குள்ளர்களைப் பார்க்கலாம். வயதில் அவை சின்னவை அல்ல. மும்பையில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, அநேகமாக எல்லாம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இந்த மரங்களுக்கு மூச்சுவிடும் காலம் அந்த நாலு மாதம்தான். விதை விழுவதும் அப்போதுதான்.

சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நட்டுக்கொண்டிருப்பது என்ன?

மூச்சுவேர். மரத்தின் கிடைவேர்களிலிருந்து மேல்நோக்கி முளைத்து வரும். சேற்றில் விரல் கணுவளவு ஆழம் போனாலே காற்று இல்லை. வேரும் மூச்சுவிட வேண்டுமே. இந்தக் குச்சிகளில் நுண்துளைகள் உண்டு. நீர் வற்றியதும் அதன் வழியே காற்று உள்ளே போகிறது. நீர் ஏறினால் துளை அடைபடுகிறது. அடுத்த வற்றம்வரை சேர்த்துவைத்ததில் ஓட்ட வேண்டும். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு மரத்துக்குப் பத்தாயிரம் மூச்சுவேர்கூட இருக்கும். அதனால்தான் மிதிக்காதீர்கள் என்று கத்துகிறேன்.

இங்கே பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை என் சட்டத்துக்குள் கோதுமை மாவுப் பை ஒன்று விரிந்து படிந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடியில் மூச்சுவேர்கள் எல்லாம் மடங்கி, நுனி அழுகி, கறுப்பாக. பைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இருந்தவை நன்றாகவே நின்றன. விஷமோ அமிலமோ தேவையில்லை. மூக்கின்மேல் ஒரு பை போதும். ஏற்றத்தோடு வரும் பை, மூச்சுவேர்க் கூட்டத்தில் சீப்பில் முடி மாட்டுவது போல மாட்டிக்கொள்கிறது. இறங்கும் நீர் அதை எடுத்துக்கொண்டு போவதில்லை.

மரம் குட்டி போடும் என்கிறார்களே?

ஏறக்குறைய அப்படித்தான். சுரபுன்னையில் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாக வளர்ந்து, பிறகு விழும். விழுவது காய் அல்ல, செடி. வெண்கண்டல் இதையே திருட்டுத்தனமாகச் செய்யும். மொச்சைக்கொட்டையைவிடப் பெரிய காய்க்குள் கரு முளைத்தே இருக்கும், வெளியே தெரியாது. நீரில் விழுந்ததும் தோல் கழன்று, மடித்துவைத்த இரண்டு பருப்பிலையோடு மிதக்கும்.

மிதக்கும் அந்தப் பருப்புக்குத் தேவை ஒன்றுதான்: ஒதுங்கிய இடத்தில் சில நாள் நீர் வந்து தூக்காமல் இருக்க வேண்டும். அதற்குள் வேர் ஒரு விரற்கடை இறங்கிவிட்டால் அடுத்த ஏற்றத்தைத் தாங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக உயரே ஏறி விதையை மேட்டில் வைத்துவிட்டுப் போகும். அடுத்த சில நாள் ஏற்றம் அவ்வளவு உயரம் வராது. அந்த இடைவெளியில் முளைத்தால் உண்டு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பஞ்சாங்கத்தோடு நான் கழியோரம் திரிவதற்குக் காரணம் இதுதான். என் அம்மா தவறாகப் புரிந்துகொண்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

ஏன் இவ்வளவு நாற்றம்?

அழுகிய முட்டை வாசனை என்றால் அது சேற்றின் சொந்த வாசனை. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா கடல் நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வெளியிடுகிறது. நல்ல கண்டல் காட்டிலும் அது இருக்கும். மற்ற நாற்றமெல்லாம் நம்முடையது.

கொசு இங்கிருந்துதானே வருகிறது? வெட்டிவிட்டால் என்ன?

நாளுக்கு இரண்டு தடவை நீர் ஏறி இறங்கும் இடத்தில் கொசுப்புழு நிலைப்பது கஷ்டம், மீன்களும் தின்னும். ஏற்றத்தை மறித்துக் கரை போட்டு, உள்ளே நீர் தேங்கிய இடத்தில்தான் கொசு. உங்கள் கட்டிடத்தின் மொட்டைமாடித் தொட்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2005 வெள்ளத்தை இந்தக் காடு தடுத்திருக்குமா? சுனாமியைத் தடுக்குமா?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. பிற்பகலில் கடலேற்றமும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு மழையை எந்தக் காடும் குடித்துவிடாது. ஆனால் மிட்டி ஆறு மாஹிம் கழியில் சேரும் இடம் அன்று எப்படி இருந்தது என்று பாருங்கள். பாந்த்ரா–குர்லா வளாகம் எழுந்த நிலம் ஒரு காலத்தில் ஏற்ற நீர் பரவி நிற்கும் சதுப்பு. ஆற்றுக்குக் கடல் கதவை மூடும்போது, நீர் கொஞ்ச நேரம் காத்திருக்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணையை நிரப்பிக் கட்டிடம் கட்டிவிட்டோம். மரம் வெள்ளத்தைத் தடுக்கும் என்பதைவிட, மரம் இருந்தால் அந்த இடம் காலியாக இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய வாதம்.

சுனாமி விஷயம் கொஞ்சம் சிக்கல். 2004க்குப் பிறகு பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், கண்டல் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று எழுதினார்கள். அதே புள்ளிவிவரங்களை எடுத்து வேறு ஆய்வாளர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, காரணம் அதுதான் என்று மறுத்தார்கள். இரு பக்கமும் படித்தேன். என் எண்ணம்: சாதாரணப் புயலலையையும் கரை அரிப்பையும் அடர்ந்த காடு நன்றாக மட்டுப்படுத்தும்; பெரும் சுனாமிக்கு அதை மட்டும் நம்பிக் கடலோரம் வீடு கட்டாதீர்கள். பொதுக்கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆதரவாளர்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் கம்பெனியில் ஆயிரம் கண்டல் நாற்று நட விரும்புகிறோம். வந்து வழிகாட்ட முடியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அதிகம் பகை சம்பாதித்ததும் இதற்குச் சொன்ன பதிலால்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நடவுக்குப் போனேன். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, தொப்பி, வடா பாவ். வெறும் சேற்றுவெளியில் வரிசையாகச் சுரபுன்னைக் குச்சிகளை ஊன்றினோம். அவை நீளமாக, நேராக, போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அந்தச் சேறு தாழ்வான இடம், பெரும்பாலான நேரம் நீருக்கடியில் கிடப்பது. இதை அன்றே வாய்விட்டுச் சொல்லாதது என் தப்பு. மழைக்காலம் முடிந்து போனேன். ஒரு குச்சி நின்றது. அதுவும் யாரோ படகு கட்ட ஊன்றியது.

அங்கே கண்டல் வளர முடியும் என்றால் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். சுற்றியுள்ள மரங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் விதை கணக்கில்லாமல் வந்து மோதிக்கொண்டிருக்கிறது. அப்படியும் ஒரு இடம் வெறுமையாக இருந்தால், நடுவதற்கு ஆள் இல்லை என்பது காரணமாக இருக்காது. நீர் ஏறவில்லை, அல்லது ஏறிய நீர் இறங்கவில்லை, அல்லது சேறு தாழ்ந்திருக்கிறது.

இதற்கு நம்மூரிலேயே நல்ல உதாரணம் உண்டு. பிச்சாவரத்தில் பல ஆண்டுகள் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் நேரடியாகப் பட்டு மண் காய்ந்து அமிழ்ந்தது. தட்டுபோல் குழிந்த இடத்தில் ஏற்ற நீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. மரம் திரும்ப வரவில்லை. பழியோ ஆடு மாட்டின் மேலும் ஊர்க்காரர்கள் மேலும் விழுந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றம் உள்ளே வந்தது, வற்றத்தில் வெளியே போனது, உப்பு கழுவிப்போனது. அதன்பிறகு நட்டதும் நின்றது, நடாததும் முளைத்தது.

அதனால் கம்பெனிக்காரர்களுக்கு நான் சொல்வது: ஆயிரம் நாற்றுக்கான காசில், இரண்டு தெரு தள்ளி அடைபட்ட ஒரு மதகுக் குழாயைத் திறக்க வார்டு அலுவலகத்தை நெருக்குங்கள். குப்பை மேடு ஒன்றை எடுங்கள். ஒரு வருடம் கழித்து வந்து பாருங்கள். போட்டோ அப்போது எடுத்துக்கொள்ளலாம். இதுவரை ஒரு கம்பெனிதான் ஒத்துக்கொண்டது.

பூநாரைகளுக்கும் (ஃபிளமிங்கோ) இந்தக் காட்டுக்கும் என்ன தொடர்பு? காடு பெருகினால் பூநாரையும் பெருகும்தானே?

இல்லை, இங்கேதான் கணக்கு மாறுகிறது. பூநாரைக்கு வேண்டியது திறந்த சேற்றுவெளி. நவம்பர் வாக்கில் வந்து, மே வரை இருந்து, சேற்றின்மேல் படியும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கான ஆண்டுகளும் உண்டு. சாக்கடைச் சத்தில் பாசி செழிப்பதும் அவை இங்கே குவியக் காரணம் என்கிறார்கள். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. தாணே கழியில் வண்டல் சேரச் சேர, சேறு மேடாகி, வெண்கண்டல் அதன்மேல் ஏறிப் போகிறது. சேற்றுவெளி குறுகுகிறது. மரம் பெருகுவது எப்போதும் நல்ல செய்தி இல்லை என்று சொல்லும் தாவரக்காரி நான்.

கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயம் ஆனது. சுமார் 1690 ஹெக்டேர்; அதில் 896 கண்டல் காடு, மிச்சம் நீர்ப்பரப்பு. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

செப்டம்பரில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே மொத்தக் காடும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. யாராவது மருந்து ஊற்றினார்களா?

முதலில் இலையைப் பாருங்கள். நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அது புழு. தேக்கு இலையைத் தின்னும் ஹைப்ளியா என்ற அந்துப்பூச்சியின் புழு வெண்கண்டலையும் ஒரு கை பார்க்கும். மழைக்காலம் முடியும் சமயம் ஏக்கர் ஏக்கராக மொட்டையடித்துவிடும். சில வாரத்தில் புதுத் தளிர் வந்துவிடும். பூச்சிமருந்து அடிக்கச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். அடியில் இருக்கும் நண்டும் இறாலும் சாகும்.

இலை முழுசாக இருந்து, மரம் மட்டும் காய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கரையோரம் புது மண்மேடு இருக்கிறதா, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மரத்தை வெட்டினால் வழக்கு வரும் என்று தெரிந்தவர்கள் கோடாலியைத் தொடுவதில்லை. நீர் வரும் வழியில் இரண்டு லாரி கட்டிட இடிபாட்டைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்.

வெட்டுவதை, மண் கொட்டுவதைப் பார்த்தால்?

படம் எடுங்கள், இடக்குறியோடு. வனத்துறையின் மாங்குரோவ் செல்லுக்கு (2012இல் தொடங்கியது) அனுப்புங்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். மும்பை உயர்நீதிமன்றம் 2005இல் இடைக்காலத் தடை விதித்து, 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பிலும் மாநிலம் முழுக்கக் கண்டல் அழிப்பைத் தடைசெய்தது. சுற்றி 50 மீட்டரில் கட்டுமானம் கூடாது. பொதுநலத் திட்டம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு வெட்டலாம். புல்லட் ரயிலுக்காக 2022 டிசம்பரில் சுமார் 22,000 கண்டல்களை வெட்ட அனுமதி கிடைத்தது அப்படித்தான். ஈடாக வேறெங்கோ நடுவார்கள். ஈட்டு நடவு பற்றி என் அபிப்பிராயம் மேலே சொன்னதுதான்.

கரையில் உமரிக்கீரை இருக்கிறதே, பறிக்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தார். நான் வெண்கண்டலைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் குனிந்து முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். “உமரிம்மா இது. ஊர்ல உப்பே போடாம கடைவோம்.” அடையாளம் சரிதான். சுயேடா வகை. இந்தக் கரையில் மராத்திக்காரர்கள் ‘மோரஸ்’ என்று சமைப்பார்கள், அவர்களும் உப்பைக் குறைத்தே போடுவார்கள்.

ஆனால் தாணே கழி பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைக் கழிவு வாங்கிய கழி. சேற்றில் கன உலோகங்கள் உண்டு, செடி அதை எடுத்துக்கொள்ளும். எவ்வளவோ கெஞ்சி முந்தானையைக் காலி செய்ய வைத்தேன். கோபத்தோடு கொட்டினார். ஒரு பிடி மட்டும் இடுப்பில் செருகியது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் முதலில் ஆராய்ந்தது யார்?

மும்பையில் என்றால் எதெல்பர்ட் பிளாட்டர். சுவிட்சர்லாந்துக்காரர், இயேசு சபைத் துறவி, செயின்ட் சேவியர் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். 1905இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் இந்த மாகாணத்தின் கண்டல் காடுகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரில் உள்ள உலர்தாவரச் சேகரிப்பு இன்றும் அந்தக் கல்லூரியில் இருக்கிறது. கடற்பாசி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்கார். கண்டலுக்காக உலக அளவில் ஒரு சங்கம் 1990இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் எம். எஸ். சுவாமிநாதன், நெல்லோடு மட்டும் அவரை நினைப்பவர்களுக்கு இது புதுசாக இருக்கும்.

இவர்கள் யாரும் எழுதாத ஒரு ஆராய்ச்சி தாராவித் தோல் ஷெட்டில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவருடையது. சுரபுன்னைப் பட்டையில் ஒரு செதில் எடுத்து மென்று, துப்பி, “ஆவாரம்பட்டைத் துவர்ப்புதான். இன்னும் சிவப்பா ஏறும்” என்றார். சரியாகச் சொன்னார். அந்த டானினுக்காகத்தான் பல நாடுகளில் இதன் பட்டையை உரித்தார்கள். மீனவர்கள் வலைக்குச் சாயம் ஏற்றியதும் அதில்தான்.

கடற்பாசியும் கடற்புல்லும் ஒன்றா?

இல்லை. கடற்புல் பூ பூக்கும் செடி. வேர், இலை எல்லாம் உண்டு. பாசிக்கு அவை கிடையாது. கடற்புல் பார்க்க வேண்டுமானால் ஊருக்குப் போகும்போது பாக் விரிகுடாவுக்குப் போங்கள். ஆவுளியா என்ற கடற்பசு அதை மேய்ந்துதான் வாழ்கிறது. 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. பாசி பார்க்க அவ்வளவு தூரம் வேண்டாம். குளிர்காலத்தில் பாந்த்ராப் பாறைகளில் வற்றம் பார்த்துப் போனால் பச்சைப் பட்டுத்துணி கிழித்துப் போட்டது போல அல்வா கிடக்கும். தின்பதல்ல, பாசியின் பெயரே உல்வா, பிள்ளைகள் அல்வாவாக்கிவிட்டார்கள்.

எங்கே, எப்போது வந்து பார்க்கலாம்?

சயான்–தாராவி ஓரத்தில் மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை மேட்டைக் காடாக்கிய இடம், பக்கத்திலேயே மிட்டியும் கண்டலும். ஐரோலியில் வனத்துறையின் கடலோர உயிர்ப்பன்மை மையத்திலிருந்து பூநாரை பார்க்கப் படகு போகும்.

நேரம்தான் முக்கியம். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு தடவை, தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் பெரிய ஏற்றம் நண்பகல் வாக்கில் வரும். அதனால் சேறு பார்க்க அதிகாலையில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எழுந்து வருகிறேன் என்பவர்கள் அஷ்டமி பார்த்து வாருங்கள், அப்போது நண்பகல் வாக்கில் நீர் வற்றியிருக்கும்.

செருப்பு வேண்டாம், சேறு வாங்கிவிட்டால் திருப்பித் தராது. கயிறு கட்டிய பழைய ஷூ நல்லது. மாற்றுத் துணி, ஒரு பாட்டில் தண்ணீர், கால் துடைக்கப் பழைய பேப்பர். துடைத்தாலும் வாசனை முழுசாகப் போகாது. திரும்பும்போது ஹார்பர் லைன் ரயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உட்கார இடம் கிடைக்கும்.